தூணும் சூலமும்

துருக்கியின் எபேசுவில் ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் இருந்த இடத்தில் இன்று ஒற்றைத் தூண்தான் எழுந்து நிற்கிறது. மத்தியதரைக் கடல் கப்பல்களில் வருவோர் அதைப் பார்க்க இறங்குகிறார்கள். இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மஞ்சள் பூசிய கல்லும் எலுமிச்சம்பழம் குத்திய சூலமும் எந்தப் பயண ஏட்டுக்கும் வேண்டியதில்லை. புனிதம் பழமையிலா, வழிபாட்டிலா? பல தலைமுறை தொட்ட கல்லில் ஏதோ தங்கிவிடும் என்பார்கள். அப்படியென்றால் மதிப்பு தொட்ட கைகளுக்குத்தானே? பதுளை முதியங்கணை விகாரையும் பழையதுதான். பூத்தட்டோடு போகிறவர் வயதைக் கேட்டா கும்பிடுகிறார்?

கும்பிட ஆளில்லாத இடத்தில் தெய்வமும் இல்லையா என்ற மறுப்புதான் கடினமானது. 2014 அக்டோபர் 29 அன்று அதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. மூடுண்ட லயங்களில் கும்பிட ஆளில்லை, ஆனால் அவற்றுக்காக அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ட்டெமிஸுக்காக அழ இன்று யாருமில்லை.