பிருங்கியின் வலம்

2007-இல் அமெரிக்கப் பெப்டைடு சங்கம் தனது மெரிஃபீல்டு விருதை இசபெல்லா கார்லுக்கு வழங்கியபோது அவருக்கு வயது 85. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இன்சுலினும் அந்த இனம்தான். அந்தச் சங்கிலி எங்கே வளைகிறது, எப்படிச் சுருள்கிறது என்பதைப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கண்டறிவது இசபெல்லாவின் வேலை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராமின் குழு உருவாக்கிய பெப்டைடுகள் பலவற்றின் வடிவத்தை வாஷிங்டனில் இருந்தபடி கண்டு சொன்னவரும் அவரே.

1985-ஐ மறந்துவிட்டு இந்த விருதைப் பற்றி என்னால் யோசிக்க முடியவில்லை. அவ்வாண்டு வேதியியல் நோபல் அவருடைய கணவர் ஜெரோம் கார்லுக்கும் ஹெர்பர்ட் ஹாப்ட்மனுக்கும் போனது. எக்ஸ் கதிர்ப் பதிவிலிருந்து அணுக்களின் இடத்தை நேரடியாகக் கணக்கிடும் முறைக்கான பரிசு அது. 1950களில் அவ்விருவரும் எழுதிய சமன்பாடுகளைப் படிக ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. அவற்றைப் படிப்படியான செய்முறையாக்கி, 1960களில் தவளை நஞ்சு வரை உண்மையான மூலக்கூறுகளில் பயன்படுத்திக் காட்டி, மற்றவர்களை நம்ப வைத்தவர் இசபெல்லா. (மூன்று மகள்களை வளர்த்துக்கொண்டே இதைச் செய்தார் என்று வியப்பது வழக்கம். மகள்கள் ஜெரோமுக்கும்தான்.)

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அவங்களே வருத்தப்படலையே." உண்மைதான். வருந்தியவர் ஜெரோம். மனைவிக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இசபெல்லா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பதிலை நான் நம்ப மறுக்கிறேன். சொத்து பிரிக்கும்போது "தங்கச்சியே எதுவும் கேக்கலையே" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டும் அண்ணன்களின் பதில் இது. அவள் கேட்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பெருந்தன்மையும் அதில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவளுடைய பெருந்தன்மை பங்கு போட்டவர்களின் நேர்மைக்குச் சான்றாகுமா?

எங்கள் திருவண்ணாமலையில் தை இரண்டாம் நாள் திருவூடல். பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வலம்வந்து அம்மனை விட்டுவிட்டவர். அவருக்கா அருள்வது என்று உண்ணாமுலையம்மன் திருவூடல் தெருவில் ஊரறியச் சண்டையிட்டு, கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமி தனியாகத்தான் மலை சுற்றப் போகவேண்டும். அம்மன் ஊடாமல் சிரித்தபடி நின்றிருந்தால் பிருங்கி வந்த வலம் முழு வலமாகியிருக்குமா? ஊடுவதும் ஊடாததும் அவள் விருப்பம். முனிவர் யாரை விட்டார் என்பது அதனால் மாறாது.

விருது ஒருவருக்குத் தரும் மகிழ்ச்சியோடு முடிவதில்லை. எது சிந்தனை, எது வெறும் ஒத்தாசை என்று அடுத்த தலைமுறைக்கு அது சொல்லிக்கொடுக்கிறது. ஆய்வகத்துக்குள் நுழையும் ஒரு பெண் தன் வேலையை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்துதான் கற்கிறாள். அதனால் இசபெல்லாவின் மன்னிப்பு, அவர் மன்னித்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெண்ணின் சார்பில் தரப்பட்டதல்ல.

கோட்பாட்டுக்குத்தான் நோபல், செய்முறைக்கு அல்ல என்றும் வாதிடலாம். இசபெல்லா பெற்ற விருது யார் பெயரில் இருக்கிறது? புரூஸ் மெரிஃபீல்டு. நுண்ணிய பிசின் மணியில் முதல் அமினோ அமிலத்தைப் பிணைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கோத்துக் கடைசியில் சங்கிலியைக் கழற்றி எடுக்கும் வழியைக் கண்டவர். அந்தச் செய்முறைக்காகவே அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது, 1984-இல். மறு ஆண்டுதான் கார்லும் ஹாப்ட்மனும். அந்தப் பரிசை மூவர் வரை பகிர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. இருவரோடு நிறுத்திக்கொண்டார்கள்.