குதிரையின் காதில் ஓதிய மந்திரம்

கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபம். மூன்று நாள் சொற்பொழிவின் நிறைவு நாள். ஆரத்தி முடிந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஓர் அம்மையார் மட்டும் தயங்கித் தயங்கி மேடை அருகே வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

''ஐயா, ஒரு சந்தேகம். எனக்கு பிரஷர் இருக்கு. மாத்திரையோட யோகாவும் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னார். வகுப்புல சேர்ந்தேன். அங்க ஆசனம் முடிஞ்சதும் ஓம் சொல்லச் சொல்றாங்க. நான் முப்பது வருஷமா தினமும் விநாயகர் அகவல் சொல்றவ. மந்திரத்துக்கு எங்க வீட்டுல பஞ்சமே இல்லை. ஆனா...''

சட்டென்று நிறுத்தினார். கண்கள் கலங்கிவிட்டன.

''போன வாரம் என் பொண்ணு சொல்றா... 'அம்மா, நீ சாமி கும்பிடுறப்பதான் உனக்கு ரொம்பக் கோபம் வருது. அந்த நேரத்துல பக்கத்துல வரவே பயமா இருக்கு'ன்னு. உண்மைதான் ஐயா. வாய் பாட்டுக்கு அகவல் சொல்லும். நடுவுல 'பால் பொங்குது பாரு', 'டிபன் பாக்ஸ் எங்கே'ன்னு கத்துவேன். முப்பது வருஷம் சொன்ன மந்திரம் எல்லாம் வீணாப் போச்சா?''

அன்பான சகோதரிகளே, இது அந்த ஓர் அம்மையாரின் கேள்வி மட்டும்தானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். குக்கரின் விசிலுக்கும் பள்ளி வேனின் ஹாரனுக்கும் நடுவே கவசமும் அகவலும் சொல்லும் நம் எல்லோருடைய கேள்வியும் அதுதானே!

''அம்மா, எந்த மந்திரமும் வீணாவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் வெகு தொலைவில் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே, திருக்கோவிலூர் கீழையூரில் இருக்கிறது'' என்றேன். அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

அவசரப்பட்டார் ஔவை!

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதற்குக் கிடைத்த பெரும் செல்வம் திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையில், கீழையூரில் வீரட்டானேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அந்தகாசுரனை ஈசன் அடக்கிய இடம். அந்தகம் என்றால் இருள். மன இருள் நீங்கும் தலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்னை சிவானந்தவல்லியின் சந்நிதியும் இங்கே உண்டு. இந்தக் கோயிலில் அருள்பவர்தான் பெரியானைக் கணபதி.

சுந்தரர் வெள்ளை யானையில் ஏறிக் கயிலைக்குப் புறப்பட்டுவிட்டார். அவருடைய ஆருயிர்த் தோழர் சேரமான் பெருமாளும் குதிரையில் ஏறி உடன் கிளம்பிவிட்டார். செய்தி ஔவையாருக்கு எட்டியது. அப்போது அவர் கணபதிக்குப் பூஜை செய்துகொண்டிருந்தார். 'ஐயோ, நானும் அவர்களோடு போக வேண்டுமே!' கை பரபரத்தது. பூவை அள்ளி அள்ளிப் போட்டார். பூஜையை விறுவிறுவென்று முடிக்கப் பார்த்தார்.

ஞானப் பாட்டிக்கே அவசரம் வந்ததென்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

கணபதி சிரித்தார். 'ஔவையே, அவசரம் வேண்டாம். நிதானமாகப் பூஜை செய். அவர்களுக்கு முன்பாக உன்னைக் கயிலையில் சேர்ப்பது என் பொறுப்பு' என்று அபயம் தந்தார். ஔவையும் மனம் அடங்கி அமர்ந்தார். அப்போது பிறந்ததுதான் விநாயகர் அகவல் என்கிறது தலவரலாறு. அகவல் நிறைந்ததும், கணபதி துதிக்கையால் ஔவையைத் தூக்கிக் கயிலையில் சேர்த்துவிட்டார். யானையிலும் குதிரையிலும் போனவர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்!

கவனித்தீர்களா? அவசரத்தை விட்ட பிறகுதான் அகவலே பிறந்தது. அதைப் போய் நாம் எத்தனை அவசரமாகச் சொல்கிறோம்!

அகவலே ஒரு யோகப் பாடம்

விநாயகர் அகவலைத் தோத்திரப் பாடல் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். மொத்தம் 72 அடிகள். தொடக்கத்தில் கணபதியின் திருவடியிலிருந்து திருமேனி முழுவதையும் ஔவை வர்ணிக்கிறார். அதன் பிறகு அவர் நம்மை அழைத்துச் செல்வது எங்கே தெரியுமா? நம் உடம்புக்குள்! மூலாதாரம், குண்டலினி, இடைகலை, பிங்கலை, சுழுமுனை, ஆறு ஆதாரங்கள் என்று யோக சாத்திரத்தின் சாரத்தையெல்லாம் வைத்துவிட்டார். வகுப்பில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் விஷயத்தை, அடுப்படியில் நின்றபடி நாம் முப்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அசபை என்று ஒரு சொல்லும் அதில் வருகிறது. ஜபிக்காமலே நடக்கும் ஜபம் அது. சராசரியாக நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஹம்ஸ மந்திரத்தைத் தானாகவே சொல்கிறது என்பது யோகிகளின் கொள்கை. நாம் தூங்கினாலும் அந்த ஜபம் நிற்பதில்லை. வாயால் சொல்லும் மந்திரம் எதற்கு என்றால், ஓயாமல் நடக்கும் இந்த மூச்சைக் கவனிக்க மனத்தைப் பழக்குவதற்கு!

பதஞ்சலி முனிவரும் யோக சூத்திரத்தில் இதைத்தான் சொல்கிறார். ஈசுவரனைக் குறிக்கும் சொல் பிரணவம். அதை ஜபித்து, அதன் பொருளில் மனத்தை வைக்க வேண்டும் என்கிறார். அதை அடுத்து, யோகத்துக்கு வரும் தடைகளைப் பட்டியல் போடுகிறார். மனம் சிதறினால் கூடவே என்னென்ன வரும்? துக்கம் வரும், மனச்சோர்வு வரும், உடல் நடுங்கும், மூச்சு தாறுமாறாகும் என்கிறார். நமக்குக் கோபம் வரும் நேரத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முனிவர் சொன்னது புரியும்.

சேரமான் செய்த காரியம்

இப்போது சேரமான் பெருமாளின் குதிரைக்கு வருவோம். யானையோ தேவலோகத்து யானை. அது ஆகாயத்தில் போகும். மண்ணில் ஓடும் குதிரை எப்படிப் போகும்? சேரமான் ஒன்று செய்தார். குதிரையின் காதில் ஐந்தெழுத்து மந்திரத்தை ஓதினார். அவ்வளவுதான்! குதிரை விண்ணில் கிளம்பிவிட்டது. பெரிய புராணம் சொல்லும் செய்தி இது.

திருமூலர் முதலிய சித்தர்கள் மூச்சைக் குதிரை என்றே சொல்வார்கள். கடிவாளம் இல்லாவிட்டால் கண்டபடி ஓடும். பழக்கினால் போகவேண்டிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சேரமான் குதிரையைச் சாட்டையால் அடித்தாரா? இல்லை. மந்திரத்தை அதன் காதில் போட்டார். மூச்சை இழுத்துப் பிடித்து அடக்குவது சாட்டையால் அடிப்பது போல. மந்திரத்தோடு மூச்சை விடுவது காதில் ஓதுவது போல. யோகத்தில் மந்திரத்துக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இதைவிட எளிய விடை வேண்டுமா?

விஞ்ஞானமும் இதை ஆராய்ந்திருக்கிறது. இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் பெர்னார்டி குழுவினரின் ஆய்வு ஒன்று 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஆரோக்கியமான 23 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். கிறிஸ்தவர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையை லத்தீன் மொழியிலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு முறையாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் மூச்சின் தாளமும் இசைந்து வந்தன. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உடல் தானாகச் செய்யும் வேலையும் மேம்பட்டது. எந்த மதத்து மந்திரமானாலும், நிதானமாகச் சொன்னால் மூச்சு அதற்குக் கட்டுப்படுகிறது!

எண்ணிக்கை போதுமா?

''அப்போ நான் லட்சக்கணக்குல ஜபிச்சது?'' என்று கேட்டார் அந்த அம்மையார்.

கோடிக்கணக்கில் ஜபித்தவர் ஒருவருக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. காவ்யகண்ட கணபதி முனிவர் பெரிய சம்ஸ்கிருதப் பண்டிதர், மந்திர சாத்திரத்தில் கரை கண்டவர். அப்படிப்பட்டவர் 1907 நவம்பரில் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்கு ஓடிவந்தார். 'படிக்க வேண்டியதெல்லாம் படித்தேன், மந்திர ஜபமும் செய்தேன். ஆனாலும் தவம் என்பது என்னவென்று விளங்கவில்லையே!' என்று அங்கிருந்த இளம் துறவியின் பாதத்தில் விழுந்தார். அந்தத் துறவிதான் பகவான் ரமணர். அவர் சொன்ன பதில் என்ன? மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால், மனம் அங்கேயே ஒடுங்கும். அதுவே தவம் என்றார்.

இந்த ரமணரும் 1896-ல், பதினாறு வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில், கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் பசியோடு வந்து நின்றவர்தான்!

சாத்திரங்கள் ஜபத்தை மூன்றாகச் சொல்கின்றன. பிறர் கேட்கச் சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு. மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது. ஆனால், நாம் செய்வது நான்காவது வகை... வாய் ஒன்று சொல்ல, மனம் இட்லிக்கு ஊறப்போடுவது!

ஜபமாலையை வைத்து உருட்டும் துணிப்பைக்குக் கோமுகி என்று பெயர். எண்ணிக்கை அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே மாலையை அதற்குள் மறைத்து வைத்தார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கோமுகி என்றால் ஆறும் அணையும்தான் நினைவுக்கு வரும். கல்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு அது. மலையில் பெய்த மழை ஒரேயடியாக ஓடிவந்தால் அதற்குப் பெயர் வெள்ளம். வயலையே அடித்துக்கொண்டு போய்விடும். அதே தண்ணீர் அணையில் தங்கி, மதகு வழியாக நிதானமாக வாய்க்காலில் வந்தால்? நெல் விளையும்! தண்ணீர் ஒன்றுதான், அம்மா. நீங்கள் முப்பது வருடம் சொன்ன அகவலும் மழைதான். மதகு மட்டும்தான் வேண்டும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

காலையில் பரபரப்பு தொடங்கும் முன்போ, எல்லோரும் கிளம்பிப் போன பின்போ செய்யலாம். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் அமரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். முதலில் ஓம் என்று மூச்சை விட்டபடி நீளமாகச் சொல்லுங்கள். மூச்சு முடியும்போது ஒலியும் முடியட்டும். இழுத்துப் பறிக்க வேண்டாம். ஐந்தாறு முறை போதும்.

பிறகு அகவல். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. அடி முடிந்ததும் நிறுத்தி, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே வாங்கி, அடுத்த அடி. நிமிடத்துக்கு ஆறு அடி என்றால், 72 அடிகளுக்கு 12 நிமிடம். நான்கு நிமிடத்தில் முடிப்பவர்களுக்கு இது அதிகமாகத் தெரியும். நேரமில்லாத அன்று பத்து அடி சொன்னாலும் குறையில்லை. சொல்வதை உங்கள் காது கேட்க வேண்டும். அது மிக முக்கியம்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மூச்சை உள்ளே அடக்கிவைக்கும் கும்பகத்தைத் தாங்களாகச் செய்யக் கூடாது. ஜபம் செய்கிறேன் என்று மருத்துவர் தந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. மருந்தும் அவன் தந்தது, மந்திரமும் அவன் தந்தது.

'பூஜை அறையே இல்லாத சின்ன வீடு, எங்கே உட்கார?' என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் திருக்கோவிலூரிலேயே பதில் உண்டு. மழை இருட்டில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒதுங்கிய இடம் ஓர் இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். நெருக்கியடித்து நின்ற அந்த மூவருக்கு நடுவே, உலகளந்த பெருமாள் நான்காவதாக வந்து நெருக்கினான்! மூவுலகையும் அடியால் அளந்தவனுக்கு அந்த இடைகழி போதுமானதாக இருந்தது. நம் வீட்டு மூலை போதாதா?

சில மாதங்கள் கழித்து, திருக்கோவிலூரில் ஒரு சொற்பொழிவு. முன்வரிசையில் அதே அம்மையார்! முடிந்ததும் வந்து வணங்கினார்.

''எப்படி இருக்கீங்கம்மா? பிரஷர்?''

''மாத்திரை சாப்பிடறேன் ஐயா. யோகா வகுப்புக்கும் போறேன். இப்பவும் பால் பொங்கத்தான் செய்யுது. முன்ன மாதிரி உட்கார்ந்த இடத்துலேர்ந்து கத்தறதில்லை. அகவலை நிறுத்திட்டு, எழுந்து போய் அடுப்பை அணைச்சுட்டு வந்து, விட்ட அடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.''

''பொண்ணு என்ன சொல்றா?''

அம்மையார் சிரித்தார்.

''ஒண்ணும் சொல்லலை ஐயா. இப்பல்லாம் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கறா.''

பெரியானைக் கணபதி துதிக்கையை நீட்டிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். நாளைக் காலை நீங்களும் விளக்கேற்றி, அவசரமில்லாமல் உட்காருங்கள். குதிரையின் காதில் மந்திரத்தை ஓதுங்கள். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்!