முதலில் கை, பிறகே கேள்வி

ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
(1 அரசர்கள் 19:9, 11-13, உரோமையர் 9:1-5, மத்தேயு 14:22-33)



இன்றைய நற்செய்தியில் எது முதலில் நடக்கிறது, எது பிறகு நடக்கிறது என்று கவனித்தீர்களா? பேதுரு மூழ்கத் தொடங்குகிறார், கூவுகிறார். இயேசு கொஞ்சமும் தாமதிக்காமல் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்கிறார். ஏன் தயங்கினாய், ஏன் நம்பிக்கை குறைந்தது என்ற கேள்வி எல்லாம் அதற்குப் பின்னால்தான். கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி வைத்து ஆண்டவர் அவருக்கு மறைக்கல்வி நடத்தவில்லை.

நம் வீடுகளில் இது தலைகீழ். ஒருவருக்கு நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டால் கேள்விதான் முதலில் வருகிறது. "செபமாலை சொல்றியா இல்லியா? பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தன மாசமாச்சு?" கை பிறகு வருகிறது. சில வீடுகளில் வருவதே இல்லை.

இந்த ஞாயிறு வந்திருக்கும் காலத்தையும் பாருங்கள். மேற்குக் கடற்கரையின் 61 நாள் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிந்துவிட்டது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போட்டுகள், நாள்கணக்கில் கடலிலேயே தங்கும் தங்கல் தொழிலுக்குப் போய்விட்டன. கோயிலில் ஆண்கள் பக்கம் பாதி காலி. ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த இரவை இந்தக் கரையில் யார் மறந்தோம்? திரும்பி வராதவர்களின் படங்கள் நம் சுவர்களில் இருக்கின்றன. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட, காற்று இரைந்தால் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வீடு சந்திக்க வரும்போது சகோதரிகள் சொல்லுவீர்கள். "ஃபாதர், சும்மா சோறு வடிச்சிட்டு நின்னேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. மூச்சு எடுக்க முடியல. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. இப்போ செத்திருவேன்னே நெனச்சேன்." ஆண்களும் சொல்வது உண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. எந்த அலைக்கும் அசையாத ஒருவர், பஸ் கூட்டத்துக்குள் வேர்த்து விறுவிறுத்து, பாதி வழியில் இறங்கி நடந்தே ஊர் வந்து சேர்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் சில்லறை இல்லை என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுத்தால் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மருத்துவர் சொன்னது இதயத்தைப் பற்றி. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'இவளுக்கு ஒண்ணும் இல்ல, நடிக்கா' என்று மாறிவிடுகிறது.

நடிப்பே இல்லை. உண்மையான ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ கடவுள் நம் உடலில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். சிலருக்குப் புயலே இல்லாத நாளில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிடுவது போல, ஆபத்து எதுவும் இல்லாதபோதும் இந்த ஏற்பாடு முழு வேகத்தில் இயங்கிவிடுகிறது. அடுப்படியில் நிற்பவருக்கு ஓடவும் இடமில்லை, எதிர்க்கவும் ஆளில்லை. மூச்சு வேகமாக வாங்க வாங்க, இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரக்கும். அதைக் கண்டு இன்னும் பயம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் இது உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும். கொடுமையாக இருக்கும். ஆனால் அந்தப் படபடப்பு உயிரை எடுப்பதில்லை.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீச்சல் தெரியாதா? யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டவுடன் படகை விட்டுக் கடலில் குதிப்பவர் இவர்தான். கரை ஏறக்குறைய 200 முழம் தள்ளி இருந்தது. அப்படிப்பட்ட ஆள், தான் தொழில் செய்த அதே கலிலேயக் கடலில் மூழ்குகிறார். காற்றைப் பார்த்தார், அஞ்சினார், மூழ்கத் தொடங்கினார் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். அந்த வசனத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. பயம் ஏறிவிட்டால் தெரிந்த நீச்சலும் உதவாது என்பதைக் கடல் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. இரவின் நான்காம் சாமம், எதிர்க்காற்று, தூக்கம் இல்லாத ஆட்கள். தங்களைத் தேடி வந்த ஆண்டவரையே பேய் என்று நினைத்து அலறுகிறார்கள். படபடப்பு வந்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்: கோயிலுக்கு வந்து போகிற குடும்பங்களிலும் இருக்கிறது.

முதல் வாசகத்தில் எலியா குகைக்குள் இருக்கிறார். அவர் எப்படி அங்கே வந்தார் என்ற கதை இன்றைய வாசகத்தில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனியாளாக எதிர்த்து நின்றவர் அவர். அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் ஈசபேல் அரசி ஆள் அனுப்பி மிரட்டுகிறாள். எலியா ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளனையும் விட்டுவிட்டு, ஒரு நாள் வழி பாலைநிலத்துக்குள் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று மன்றாடுகிறார்.

வானதூதர் வந்து என்ன செய்தார்? தொட்டு எழுப்பினார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு திட்டு இல்லை. தூதர் இரண்டாம் முறையும் தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பிறகு 40 நாள் நடை. ஓரேபு மலையை அடைந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன வேலை என்று ஆண்டவர் கேட்கிறார். கலிலேயக் கடலில் பேதுருவுக்கு நடந்த அதே ஒழுங்கு.

காற்று, நிலநடுக்கம், தீ, பிறகு அடக்கமான மெல்லிய ஒலி என்று இன்று கேட்டோம். நாம் அதோடு நிறுத்திவிட்டோம். அடுத்த வசனங்களில், அந்த மெல்லிய ஒலியைக் கேட்ட பிறகும் எலியா பழைய முறையீட்டையே சொல்கிறார், கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன், என் உயிரையும் எடுக்கப் பார்க்கிறார்கள் என்று. கடவுளைச் சந்தித்தும் அவர் பயம் ஒரே நொடியில் தீரவில்லை! ஆண்டவர் அதற்காகக் கோபிக்கவும் இல்லை. செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தார், எலிசாவைத் துணையாகக் காட்டினார், நீ நினைப்பது போல் தனி ஆள் இல்லை, 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார். தியானத்துக்குப் போய் அழுது செபித்துவிட்டு வந்தும், மறுவாரமே படபடப்பு திரும்பிவிட்டது, அதனால் என் விசுவாசம் பொய் என்று மனம் நொந்துகொள்பவர்களே, உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய, எதைப் பற்றியும் கவலை வேண்டாம் என்ற அறிவுரையை எடுத்துப் பயந்தவர் தலையில் அடிப்பவர்கள் உண்டு. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தையும் அவர்கள் வாசிக்க வேண்டும். ஆசியாவில் உயிர் பிழைக்கும் நம்பிக்கையையே இழந்துவிட்டதாக முதல் அதிகாரத்தில் ஒத்துக்கொள்கிறார். ஏழாம் அதிகாரத்தில், மாசிதோனியாவில் வெளியே சண்டை, உள்ளே அச்சம் என்கிறார். கடவுள் அவருக்கு எப்படி ஆறுதல் தந்தார்? தீத்து வந்து சேர்ந்தார். அவ்வளவுதான். ஓர் ஆள் வந்தார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்த காலத்தில், இயேசு சபையின் மாநிலத் தலைவர் என்ற பொறுப்பில், தேடப்பட்டவர்களை ஒளித்து வைத்துத் தப்பிக்க வைக்க உதவியவர் அவர். அந்தப் பதற்றத்தைச் சமாளிக்க, வாரம் ஒருமுறை என்று ஆறு மாதம் ஒரு யூதப் பெண் மனநல மருத்துவரிடம் போனார். அப்போது அவருக்கு வயது 42. இதை அவரே, திருத்தந்தையாக இருக்கும்போதே, நேர்காணல்களில் சொன்னார். பேதுருவின் வழிவந்தவர், நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்படவில்லை. நம் ஊரில் கல்யாணம் முடியாத பெண்பிள்ளையை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக மட்டும் நாம் இருட்டும்வரை காத்திருக்கிறோம்.

மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவர்தான், மண்ணிலிருந்து மருந்துகளை உண்டாக்கியவரும் அவர்தான் என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. அதனால் நேராகவே பேசுகிறேன். முதல் முறை நெஞ்சு வலியோடு வந்தால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு கோளாறும் இப்படிப் படபடப்பைத் தரும், சோதித்துக்கொள்ளுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகும் இது திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, செலவில்லை, தமிழிலேயே பேசலாம். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிட்டு மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும், பயம் தெளியக் குடிப்பதும் வேண்டாம். குடித்தவனுக்கு ராத்திரி அடங்கினது போல இருக்கும், விடியும்போது படபடப்பு இரட்டிப்பாக நிற்கும்.

படபடப்பு வரும் நேரத்தில் அதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள், ஓடவும் வேண்டாம். உட்காருங்கள். பாதம் இரண்டையும் தரையில் அழுத்துங்கள். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடுங்கள். செபமாலை கையில் இருந்தால் மணியின் உருட்டை, குளிர்ச்சியை விரலால் உணருங்கள். முழு மறைபொருளையும் தியானிக்க முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். மூழ்கும்போது பேதுரு சொன்ன செபம் மூன்றே சொல்: ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். ஒரு மூச்சுக்குள் அடங்கும்.

பஸ்ஸில் வந்தது என்று பஸ்ஸை விட்டு, சந்தையில் வந்தது என்று சந்தையை விட்டு, கோயிலில் வந்தது என்று கோயிலையும் விட்டால், கடைசியில் மிஞ்சுவது ஓர் அறை. ஆலோசகர் துணையோடு, விட்ட இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

பக்கத்தில் இருப்பவர்களே, சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் "நான் இங்கதான் இருக்கேன், இது கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்றால் போதும். கெத்சமனியில் இயேசுவும் இதைத்தான் கேட்டார். துயரம் தாங்காமல், கூட விழித்திருக்கும்படி மூன்று பேரிடம் கேட்டார். அந்த மூவரும் தூங்கிப்போனார்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களிடமும் பீடச் சிறுவர்களின் பொறுப்பாளரிடமும் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். கூட்டத்தில் மூச்சு முட்டுபவர்களுக்காகத் தெற்கு வாசல் பக்கம் கடைசி இரண்டு பெஞ்சுகள் இனி எப்போதும் காலியாக இருக்கும், அந்தக் கதவும் திறந்தே இருக்கும். திருப்பலி நடுவே யாராவது எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு நற்கருணையை நானே வெளியே கொண்டு வருவேன்.

இப்போது விசுவாச அறிக்கைக்காக எழுந்து நிற்போம். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தே சொல்லலாம்.