இரண்டாவது தகடு

இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டமக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று 1964இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டதன் பயனாக, ஏட்டில் தாயகம் திரும்புகிறவர்கள் என்று எழுதப்பட்டவர்களும் உண்மையில் தாம் பிறந்த மண்ணை விட்டே போகிறவர்களுமான என் மாமன் குடும்பத்தார், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை ஹாலிஎல ஸ்டேஷனில் கோச்சிக்காகக் காத்து நின்றபோது, இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்றினால் அவர்களை நான் படம் பிடித்தேன். சுருளுக்கு 8 படம் விழும் அக்கருவியில், ஒவ்வொன்றையும் எடுத்தபின் திருகைத் திருப்பி, முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் அடுத்த இலக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அது நம்மைத் தடுக்காது. நான் மறந்தேன். முதல்நாள் மாலை எடுத்திருந்த தேயிலை மலையின் மீதே மாமனும் பதிந்துவிட்டார். தேயிலை நிரைகள் அவருடைய வேட்டியிலும் மார்பிலும் ஏறிச் சென்றன. வானத்தின் வெளிச்சம் ஏற்கெனவே விழுந்திருந்த மேற்பகுதியில் அவருடைய முகம் எடுபடவேயில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் அதைக் கண்ட கொழும்பு நண்பர் ஒருவர், ரஸிகத்தன்மை மிக்கவர், எத்தனை பிரயத்தனம் செய்தாலும் இப்படியொரு படம் வாய்க்காது என்று வியந்தார். பதுளையில் கழுவி வாங்கி வந்த அன்று அம்மா கேட்டது வேறு: "அண்ணன் மூஞ்சி எங்கடா?" இவ்விரண்டில் எது நியாயம் என்ற விசாரம் என்னை விட்டு நீங்கியதேயில்லை.

தற்செயலைக் கலையாக்கியவர் என்று ஒருவரைச் சொல்வதானால், பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்து மயானத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரனைத்தான் சொல்ல வேண்டும். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே, அந்தக் கமரனின் மனைவி இவர். 48ஆவது வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொழிலைத் தொடங்கிய இவ்வம்மையார், தம் ஆரம்பப் படங்கள் கூர்மை பிசகி அமைந்தது தற்செயலே என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் வில்லையைத் திருகிக்கொண்டே போகையில் உருவம் எந்த இடத்தில் தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றியதோ அங்கேயே நிறுத்திவிட்டதாக எழுதினார். வந்தது அகஸ்மாத்தாக, நிறுத்தியது அவருடைய சித்தம். இதனால் அவர் யதேச்சையாக வேலை செய்தவர் என்று எண்ணிவிடலாகாது: எதிரே அமர்ந்தவரை நிமிடக்கணக்கில் அசையவிடாமல் வைத்து, தகட்டின் மேல் தகடாகச் செலவிட்டவர். 1875இல் இலங்கைக்கு வந்தபின் களுத்துறையில் தோட்டத்துத் தொழிலாளரையும் படம் பிடித்தார். அப்படங்கள் பலவற்றில் நம்மை நோக்குகிறவர்கள் பெயரில்லாமலே நிற்கிறார்கள். 1879இல் காலமானார்.

அவரிடம் இருந்து என்னிடம் இல்லாமற்போனது அந்த இரண்டாவது தகடுதான். பிடிக்காத பிழையை எறிந்துவிட்டு இன்னொரு முறை உட்காரச் சொல்ல வல்லவருக்கே, பிடித்த பிழையை அழகென்று கொண்டாடும் சுதந்திரமும் வாய்க்கிறது. என் மாமனையோ கோச்சி கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஊவாப் பக்கத்தார் இதை வேறொரு வழியில் அறிந்தவர்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று மலையிடுக்குகளின் ஊடே வறண்டு வீச, கொழுந்து வாடிச் சிறுத்து, ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் கியாதி தந்த வாசனை அந்த வாட்டத்தில்தான் பிறக்கிறது. ஸ்டோரிலே டீமேக்கர் வாட்டுவதையும் அரைப்பதையும் கண்ணிமைக்காமல் கண்காணிக்கலாம். அக்காற்றை வரவழைக்க அவரால் ஆகாது. ஏலத்தில் விலை ஏறும். மலையிலோ கொழுந்து குறைந்து, சொன்ன நிறை காணாத கூடைக்காரிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளமே, விழும்.

1982இல் ஹொங்கொங்கில் ஹோல்கா என்ற கேமரா, சீனத்துச் சாமானியக் குடும்பங்களும் தம் வீட்டு விசேஷங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று மலிவாகச் செய்யப்பட்டது. பிளாஸ்டிக் வில்லையால் ஓரம் இருண்டும், மூடியின் இடுக்கால் வெளிச்சம் கசிந்தும் படங்கள் கெட்டன. அந்தக் கேட்டையே பிற்பாடு மேல்நாட்டுக் கலைஞர்கள் தேடிப்போய் விரும்பினார்கள். நானும் அத்தகைய படங்களை ரஸிப்பவன்தான். எல்லாவற்றையும் கண்டிப்பாய் ஆள்வதே கலை என்று வாதிக்கவும் நான் வரவில்லை. தாடையை நிமிர்த்தி, மூச்சை அடக்கச் சொல்லி எடுத்த ஸ்டூடியோப் படங்களில் உயிருள்ள மனிதர் மரப்பாச்சியானதை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஹோல்காவை முதலில் வாங்கிய அந்தக் குடும்பங்களில், கல்யாணப் படத்திலே பெண்ணின் முகத்தில் வெளிச்சம் கசிந்தபோது, அவளுடைய தாயார் என்ன கேட்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா என் படத்தைக் கிழிக்கவுமில்லை, மாட்டவுமில்லை. தகரப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். கடவுச்சீட்டுக்காக எடுத்ததில் மிஞ்சியிருந்த மாமனின் சின்னப் படத்தை, கழுத்துப் பித்தான்வரை பூட்டிக்கொண்டு அவர் விறைத்து விழிக்கின்ற அந்தப் படத்தை, பதுளையில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, லயத்துக் காம்பராவின் சுவரில் மாட்டினார்.