விளையாட்டுப் பிள்ளைகளும் பெற்றோர்களும்

கிறிஸ்துநாதரில் பிரியமான பெற்றோர்களே,

ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் ஞானோபதேச வகுப்பில், "தாவீது கோலியாத்தை எப்படி வீழ்த்தினான்?" என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் துள்ளி எழுந்து, "ஒரே ஹெட்ஷாட், சுவாமி!" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கோ கோபம் வந்துவிட்டது. செல்போன் விளையாட்டின் பாஷையைக் கோவிலுக்குள் கொண்டுவருவதா என்று அதட்டி உட்கார வைத்தேன். பிறகு அறைக்குப் போய் வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். கல் நெற்றியில்தான் பட்டிருக்கிறது. பையன் சொன்னதில் பிழையில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வகுப்புக்கு வரவில்லை. மேய்ப்பனே ஆட்டைத் துரத்திவிட்டானே என்று மனம் உறுத்த, அவன் வீடு தேடிப் போனேன். தாய் வாசலிலேயே முறையிட்டாள்: "எந்நேரமும் செல்லுதான் சுவாமி. சோறு தின்ன போக்கிமான் படம் ஓடணும். நீங்கதான் நாலு வார்த்தை கண்டிக்கணும்." திண்ணையில் இருந்த தகப்பனாரும் ஆமென்று தலையசைத்தார். அவர் கண் மட்டும் தம் கையிலிருந்த செல்லை விட்டு அகலவில்லை. பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, விளையாட்டு பாவமன்று. சந்தைவெளியில் பிள்ளைகள் குழலூதி ஒருவரையொருவர் ஆட அழைப்பதை நமதாண்டவரே கவனித்துத் தம் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். பிள்ளையை விளையாட்டோடு தனியே விட்டுவிடுவதுதான் தப்பு.

சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் அவருக்குக் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவர் தாய் சுசீலா. தகப்பனாரின் வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்த காலத்தில், அங்கே தொலைக்காட்சியில் பகலில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். மகனோ அப்போது பள்ளிக்கூடத்தில். தாய் உட்கார்ந்து அன்றைய புதிரைத் தாளில் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். பையன் ஓயாமல் பரிசு வாங்கவே, "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்! 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தத் தாய் மகனின் விளையாட்டைப் பிடுங்கவில்லை, சும்மா விட்டுவிடவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

நமது திருச்சபையிலும் ஓர் உதாரணம் உண்டு. அர்ச். கார்லோ அக்குத்திஸ் 1991-ல் இலண்டனில் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்தவர். வீடியோ விளையாட்டில் பிரியமுள்ளவர். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே அளவு வைத்துக்கொண்டார். கணினி அறிவைக் கொண்டு தேவநற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார். 2006 அக்டோபர் 12-ல், 15-ம் வயதில், இரத்தப் புற்றுநோயால் மரித்தார். 2025 செப்டம்பர் 7-ல் பரிசுத்த பாப்பானவர் 14-ம் லியோ (நம் முன்னோர் சொன்னபடி சிங்கராயர்) அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடும் சம்சாரிக்கு இது புதிதன்று. கொடி படர்வது அதன் சுபாவம். படர்கிறதே என்று வேரோடு பிடுங்குவாரா? பந்தல் போடுகிறார், காலம் பார்த்துக் கவாத்துச் செய்கிறார்.

அன்று அந்தத் திண்ணையில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் விளையாட்டை எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன். மூன்று 'லைஃப்' உண்டென்றும், மூன்றும் போனால் ஆட்டம் முடிந்ததென்றும் விளக்கினான். பிறகு தானாகவே, "இராயப்பரும் அப்படித்தான் சுவாமி. மூணு தடவை மறுதலிச்சதும் எல்லாம் போச்சு. ஆனா ஆண்டவர் கடற்கரையிலே மூணு கேள்வி கேட்டு, மூணு லைஃபையும் திருப்பிக் கொடுத்திட்டாரு" என்றான்.

குருமடத்தில் பல வருஷம் படித்தவன் நான். மன்னிப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவனை அதட்டியதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சுவாமி, உங்களுக்கு இன்னும் ரெண்டு லைஃப் இருக்கு" என்றான். தகப்பனார் அப்போதுதான் செல்லைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

ஆகையால் பெற்றோர்களே, இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். சாயங்கால ஜெபமாலை தொடங்கி இராச்சாப்பாடு முடியும்வரை வீட்டுச் செல்போன்கள் எல்லாம் அலமாரியில் இருக்கட்டும்; முதலில் தகப்பனாருடையது. ஒரு நாளாவது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவன் விளையாட்டைக் கேளுங்கள். பதிலுக்கு உங்கள் தாயத்தையும் பல்லாங்குழியையும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை பேசுகிற பாஷையில்தான் அவன் விசுவாசமும் முளைக்கிறது. கேட்க ஆளில்லாத வீட்டில் அந்த முளை கருகிப்போகும்.

அந்தப் பையன் இப்போது ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காருகிறான்.

சேசு மரி சூசை உங்கள் இல்லங்களைக் காப்பார்களாக.

உங்கள் பங்குச் சுவாமி