அசட்டையும் இம்சையாகுமோ?

நம் இல்லங்களில் நீரை வடிகட்டியே பருகுகிறோம். வடிகட்டும் துணியில் பொத்தல் விழுந்திருப்பதைக் கண்டும், "நாளை தைத்துக்கொள்ளலாம்" என்று அதிலேயே நீரை வடித்தால் அது இம்சையாகுமா? கொல்லும் எண்ணம் நமக்கு இல்லையே! இப்பழைய வினா 2017-ஆம் ஆண்டில் கணினி உலகில் புதிய வடிவில் எழுந்தது. எங்கள் கெலமங்கலத்திலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பணிக்குச் செல்லும் பிள்ளைகளிடையே கணினிகளைக் காக்கும் பொறுப்பில் உள்ளோரும் உளர். ஆதலின் இது நம் வீட்டு வினாவும் ஆகும்.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறேன். அலுவலகக் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் விண்டோஸ் மென்பொருட் பகுதியில் ஒரு பிழை இருந்தது. தொலைவிலிருந்து ஒருவன் சூழ்ச்சியாக அமைத்த செய்தியை அனுப்பினால், இங்கு எவரும் ஒரு விசையையும் தொடாமலே கணினி அவன் ஏவலுக்கு ஆட்பட்டுவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்று அதற்குரிய திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அவ்வழியே புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் சென்னையை அடுத்த ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த சுமார் 19,000 நேரங்கள் ரத்தாயின என்று மதிப்பிடப்பட்டது. அதற்குள் திருத்தம் வெளிவந்து 59 நாள்கள் கடந்திருந்தன.

தீநிரலை ஏவியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. பிழையை முன்பே அறிந்தும், படைக்கலமாகப் பயன்படும் என்று மறைத்துவைத்த அமெரிக்க உளவு அமைப்பும் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆனால், அறிவிப்பைக் கண்டும் திருத்தத்தைப் பொருத்தாதவர்? "இயந்திரத்தை நிறுத்தினால் உற்பத்தி கெடும். திருத்தமே வேறொன்றைப் பழுதாக்கினால் என் செய்வது?" என்பது அவர் வாதம். அதனை எளிதில் தள்ளிவிடலாகாது.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கையில், பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையையே அதன் வேராக வைத்தார். பொன்னூர் மலையில் நாம் வணங்கும் திருவடிகளுக்குரிய குந்தகுந்தாசாரியரும் பிரவசனசாரத்தில் விளைவைக் காட்டிலும் விழிப்பையே அளவுகோலாகக் கொண்டார். இவ்வளவுகோலின்படி, திருத்தத்தைச் சோதிக்கச் சில நாள்கள் எடுத்துக்கொண்டு, அதுவரை கணினியை வலைத்தொடர்பினின்று விலக்கிவைத்தவர் குற்றமற்றவர். கதவையும் திறந்துவைத்து நாளையும் கடத்தியவர், தீநிரல் புகாமல் தப்பியிருந்தாலும் குற்றமுடையவரே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே அல்லவா? ஆதலின், காப்பாளர் கேட்கும் இரண்டு மணி நேர நிறுத்தத்தை மறுக்கும் முதலாளிக்கும் அதில் பங்குண்டு.

செய்யவேண்டிய முறையையும் நம் தத்துவங்களே காட்டுகின்றன. முதலில் செறிப்பு, அஃதாவது உட்புகும் வழியை அடைத்தல். பின்னரே உதிர்ப்பு, அஃதாவது புகுந்ததை நீக்குதல். வரிசை மாறினால் ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பது போலாகும். அடுத்தது ஆலோசனை. நேர்ந்த பிழையைக் குருவிடம் மறையாது உரைப்பதையே நாம் அவ்வாறு கூறுகிறோம். இத்தகைய தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் என்னும் நடுவண் அரசு அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஒருவர் மறைக்கும் பொத்தல், அதே மென்பொருளைக் கொண்ட ஆயிரம் பேருடைய வீட்டிலும் இருப்பதாகும். நாணத்தால் மறைப்பவர் அவர்களுடைய காவலையும் கெடுக்கிறார்.

ஆகவே, அன்பர்களே, ஆலையில் இரவு தங்கித் திருத்தத்தைப் பொருத்திவிட்டுக் களைப்புடன் வீடு திரும்பும் பிள்ளையை, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கடிந்துகொள்ள வேண்டா. முகமறியா நோயாளி ஒருவருக்கும் அவன் அகிம்சை செய்து வந்திருக்கிறான்.