கருவியும் கருத்தாவும்

உலகத்துக் காணப்படும் செய்பொருள் ஒவ்வொன்றும் மூவகைக் காரணங்களை உடைத்து என்பது நூலோர் துணிபு. குடம் ஒன்று தோன்றுங்கால், மண் அதற்கு முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் குடம் உளதாகாது. ஆயினும், இக்குடத்தைச் செய்தவர் யாவர் என வினாவுவார்க்கு, மண் என்றாதல் திரிகை என்றாதல் ஒருவரும் விடை கூறார். குயவன் என்றே கூறுவர். உலகிற்குக் கருத்தா ஒருவன் உளன் என நிறுவுதற்குச் சித்தாந்த நூலார் இவ்வுவமையை எடுத்தாண்டமை கற்றோர் அறிந்ததே.

கருவிக்கும் கருத்தாவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டின்கண் இக்காலத்தில் ஓர் ஐயம் புகுந்துளது. திரிகை தானே சுழன்று, தானே மண்ணை ஏற்று, குடமும் சாலும் கலயமும் வனைந்து தருமாயின், அதனருகே நின்று ‘ஒரு குடம் வேண்டும்’ என்று மட்டும் சொன்னவனைக் குயவன் என்றல் பொருந்துமோ? பொருந்தாதாயின் அக்குடத்திற்குக் கருத்தா யாவர்? குடம் ஒழுகின் அப்பழி யாரைச் சாரும்? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு மென்பொருள் ஆக்குவாரிடத்தும், கதையும் சித்திரமும் இயற்றுவாரிடத்தும் இவ்வினா இன்று எழுந்து நிற்கின்றது. ஆகலின் அது ஆராயற்பாலது.

கணிப்பொறிக்கு ஏவல் வகுக்கும் நிரலை எழுதும் தொழிலில் கருவியின் துணை புதியதன்று. முதற்கண் பொறியின் எண்மொழியிலேயே ஏவல்கள் எழுதப்பட்டன. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார், நிரற்பகுதிகளைப் பொறியே தொகுத்துக்கொள்ளுமாறு ஏ-0 என்னும் தொகுப்பியை அமைத்தனர். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் அமைந்த குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணித வாய்பாடுகளை ஒத்த வரிகளைப் பொறிமொழியாகப் பெயர்த்தது. இவை வரையறுத்த விதிப்படி நிகழும் பெயர்ப்புக்கள். எழுதுவோன் தன் கருத்தை முழுவதும் வரியில் வைத்தாலன்றி இவை இயங்கா.

2021-இல் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலியன வேறு இனத்தன. மக்கள் எழுதிவைத்த அளவிறந்த உரைகளையும் நிரல்களையும் கொண்டு பயிற்றப்பட்டு, முன்வந்த சொற்களை நோக்கி, அடுத்து வருதற்குரிய சொற்கூறு இது என நிகழ்தகவினால் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் செல்லுதல் இவற்றின் இயல்பு. ஒருவன் தன் விருப்பத்தை வழக்குமொழியிற் சொல்ல, அவன் சொல்லாது விட்டவற்றையும் தாமே நிரப்பி, முழு நிரலையும் தருகின்றன. வினா ஒன்றேயாயினும் விடை ஒருகால் ஒன்றாயும் மற்றொருகால் வேறாயும் வருதல் உண்டு. நிரலை வாசித்துப் பாராமலே கருவி தந்ததை ஏற்று மேற்செல்லும் முறைக்கு, 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்ப்பதி என்னும் கணிப்பொறி அறிஞர் ‘வைப் கோடிங்’ எனப் பெயரிட்டார். ஓய்வுநாளில் விளையாட்டாகச் செய்து எறியும் சிறுபணிகளை நோக்கி அவர் சொன்னது அது. பெயர் பரவிய அளவிற்கு அவ்வரையறை பரவவில்லை.

ஈண்டு ஒருசாரார், சொல்லாதவற்றையும் நிரப்பித் தருதலின் அக்கருவியே கருத்தா என்பர். இவ்வழக்குப் பழையது. சார்ல்ஸ் பாபேஜ் வகுத்த பகுப்பாய்வுப் பொறியைக் குறித்து 1843-இல் குறிப்புரை வரைந்த ஏடா லவ்லேஸ் அம்மையார், அப்பொறி தானாக ஒன்றைத் தோற்றுவிப்பதன்று, மக்கள் ஏவத் தெரிந்தவற்றையே செய்வது என்னும் கருத்தினர். 1950-இல் ஆலன் டூரிங் ‘மைண்ட்’ என்னும் இதழில் எழுதிய கட்டுரையில் இக்கருத்தை எடுத்துக்கொண்டு, பொறிகள் தம்மைப் பலகாலும் வியப்புறுத்துவன என்று விடுத்தார். இற்றைநாட் கருவிகளை நோக்குவார்க்கு டூரிங் கூற்று வலியுடையதாகவே தோன்றும்.

ஆயினும் வியப்பை விளைத்தல் வேறு, கருத்தாவாதல் வேறு. காற்று மணலில் வரையும் கோலமும் காண்பாரை வியப்புறுத்தும். அதுபற்றிக் காற்றை ஓவியன் என்பார் இலர். இன்னது வேண்டும் என்னும் இச்சையும், அஃது இன்னவாற்றான் முடியும் என்னும் அறிவும், அதனை முடிக்கும் தொழிலும் ஒருங்குடைமையும், விளையும் பயனைத் தானே ஏற்றலும் கருத்தாவின் இலக்கணமாம். மேற்கூறிய கருவிகளிடத்துத் தொழில் உண்டு. அறிவு போல்வதும் உண்டு. தாம் வனைந்த குடம் ஒழுகினால் அவை இழப்பது யாதொன்றும் இல்லை.

‘உயிரும் அறிவித்தாலன்றி அறியாது என்பதன்றோ சித்தாந்தம்? பயிற்றப் பயில்வதாகிய கருவி அதனை ஒக்குமன்றோ?’ எனின், ஒவ்வாது. என்னை? கண்ணாடியிலும் முகம் தோன்றுகின்றது, கண்ணிலும் முகம் தோன்றுகின்றது; ஆயினும் காண்பது கண்ணாடியன்று. அறிந்ததனால் மகிழ்தலும், பிழைத்ததனால் வருந்துதலும், வருந்தித் திருந்துதலும் உயிர்க்கு உள. கருவியோ பிழைபட்ட விடையையும் பிழையற்ற விடையையும் பெரும்பாலும் ஒரே துணிவுரையோடு தருகின்றது. பிழையைச் சுட்டியவழி வருத்தம் தெரிவிக்கும் சொற்களைத் தருமேனும், அச்சொற்களும் பயிற்சியான் வந்தனவே. அவற்றின் பின்னே வருந்துவதொன்று உண்டு என்பதற்கு அளவை காட்டினார் இலர்.

மற்றொருசாரார், ‘கருவி கருத்தாவன்று எனவே, ஏவினவனே கருத்தா என்பது பெறப்பட்டது. விரும்பியது கைவந்தபின் அவன் வேறு அறியக்கடவது யாது?’ என்பர். இது முன்னையதினும் தீங்கு பயக்கும் கூற்று. இச்சை ஒன்றே கருத்தாவாக்குமாயின், வீடு வேண்டும் என்று விரும்பினார் எல்லாரும் தச்சர் ஆவர்.

ஒருவன், குழந்தைகளுக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரல் ஒன்றை ஆக்க விரும்பினான் என்று கொள்க. உடலின் எடைக்குத் தக அளவு கூறுமாறு கருவியை ஏவினான். எடை எந்த அலகில் வரும் என்பதை அவன் சொல்லவில்லை. கருவி கிலோகிராம் எனக் கொண்டு நிரலை எழுதிற்று. நிரலைத் தேர்ந்து பார்க்கும் சோதனைகளையும் அக்கருவியே எழுதிற்று. அவையும் கிலோகிராம் என்றே கொண்டமையின், சோதனைகள் யாவும் தேறின. அமெரிக்க நாட்டு மருத்துவசாலை ஒன்றில் செவிலி ஒருத்தி, ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு, அந்நாட்டு வழக்கப்படி பவுண்டுக் கணக்கில் 44 என இடுவாளாயின், நிரல் காட்டும் அளவு வேண்டியதனினும் இருமடங்குக்கு மேற்படும். இங்கு வரிகளில் இலக்கண வழு ஒன்றும் இல்லை. ‘44 என்பது எதன் அளவு?’ என வினாவுதற்கு ஒருவரும் இல்லாமையே வழு. அவ்வினாவை எழுப்புதற்கு உரியவன் கருத்தா. அவன் தன் இருக்கையை வெறிதே விட்டு நீங்கினான். கருவியோ அதில் அமர்தற்கு உரியதன்று.

டென்மார்க்கு நாட்டு அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நிரலாக்கம் என்பது வரிகளைப் படைத்தல் மாத்திரையன்று என்றும், உலகத்து நிகழ்ச்சியோடு அந்நிரல் இயையுமாற்றைக் குறித்த கொள்கை ஒன்றனை உள்ளத்தில் எழுப்புதலே அதன் உயிர் என்றும் நிறுவினார். அக்கொள்கையை உடையார் நீங்கியவழி, வரிகள் எஞ்சினும் நிரல் இறந்ததேயாம் என்பது அவர் துணிபு. இதனை இக்காலத்தோடு பொருத்தி நோக்குமிடத்து, ஒருவர் உள்ளத்தும் ஒருகாலத்தும் வாழாத நிரல் பிறக்கும்போதே உயிரின்றிப் பிறந்தது என்பது போதரும்.

ஆராயாது பொறியை நம்புதலின் கேட்டிற்கு, செயற்கை நுண்ணறிவு இத்தொழிலிற் புகுதற்கு முன்னரே சான்று உண்டு. தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு மிகைக்கதிரைப் பாய்ச்சிற்று. அவருள் சிலர் அதனால் உயிர் நீத்தனர். முந்திய பொறியில், மிகைக்கதிர் செல்லாவாறு தடுக்கும் தனியமைப்புக்கள் மென்பொருளுக்குப் புறம்பே இருந்தன. புதிய பொறியில் அக்காவல் மென்பொருளினிடமே விடப்பட்டது. முன்னை நிரலில் தீங்கின்றி மறைந்துகிடந்த பிழை, தடை நீங்கியவுடன் கொல்லும் பிழையாயிற்று. பொறியில் அங்ஙனம் நிகழ்தற்கு இடமில்லை என்னும் துணிவு, நோயாளிகளின் முறையீட்டை ஆராய்வதையும் தாழ்த்திற்று. மக்கள் தம் கையால் எழுதிய நிரலிலேயே இவ்வாறாயின், ஒருவரும் வாசியாத நிரலின் நிலை கூறவேண்டா.

செயற்கை நுண்ணறிவு பற்றியே எழுந்த வழக்கொன்றும் உண்டு. சாட்ஜிபிடி புனைந்து தந்த, உலகில் இல்லாத தீர்ப்புக்களை மெய்யெனக் கொண்டு மன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்க்கு, 2023 ஜூனில் நியூயார்க்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. கருவியைத் துணைக்கொள்ளுதல் தன்னளவில் இழுக்கன்று என்பதும், மன்றத்தில் வைப்பதன் மெய்ம்மைக்கு வழக்கறிஞரே காவலர் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. தண்டம் கருவிக்கு விதிக்கப்படவில்லை, விதித்தற்கும் இயலாது. வினைப்பயன் வினைமுதலையே சாரும் என்னும் உண்மை, சமயநூல் கல்லாத மன்றத்திலும் இவ்வாறு வெளிப்பட்டது. ‘அறியாது செய்தேன்’ என்பவன், அறியக்கடவதை அறிய முயலாமையையும் தன் வினையாகவே ஏற்றல் வேண்டும்.

அற்றேல், இக்கருவிகளை அறவே விலக்குதல் நன்றன்றோ எனின், அன்று. கையால் வனைந்த குடமே குடம், திரிகையால் வனைந்தது குடமன்று என்பார் இலர். பயிலாத மொழியில் எழுதிய நிரலை விளக்கியும், முதல் வரைவை விரைந்து தந்தும், எழுதுவோன் மறந்த இடங்களைச் சுட்டியும் இக்கருவிகள் செய்யும் உதவி பெரிது. தன் தொழிலை ஆழ்ந்து அறிந்தும் நிரல் எழுதக் கல்லாத ஒருவன், தனக்கு வேண்டும் சிறு மென்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும் வாயிலும் இவற்றால் திறந்துளது. கலைத்துறையினும் இஃது ஒக்கும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி என்னும் கருவியால் பெற்ற படங்களைக் கொண்ட சித்திரக் கதைநூல் ஒன்றை ஆராய்ந்து, நூலின் சொற்களுக்கும், சொல்லையும் படத்தையும் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் ஆசிரியர்க்கு உரிமை அளித்தது. படங்களுக்குத் தனித்தனியே உரிமை அளிக்க மறுத்தது. அஃது ஒரு நாட்டுச் சட்டத்தின் முடிபேயாயினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. கருவி பல தரும். அவற்றுள் இது தக்கது, இது தகாதது எனத் தேர்ந்து, தகாததைத் தள்ளுபவனிடத்தே ஆக்கம் உளது. தள்ளத் தெரியாதவனுக்குத் தேர்தலும் இல்லை.

இனி, புறத்தே விளையும் கேட்டினும் அகத்தே விளைவது கருதற்பாலது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று என்பது சித்தாந்தம். படிகம் தன்னை அடுத்த நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, நாடோறும் ஒன்றைச் சார்ந்திருப்பவன் அதன் தன்மையனாகின்றான். ஆகியதைத் தான் அறியான். 2025-இல் மெட்ர் என்னும் ஆராய்ச்சி நிறுவனம், தேர்ந்த நிரலாளர் 16 பேரைக் கொண்டு, அவர்க்குப் பழக்கமான திட்டங்களில் 246 பணிகளை வைத்து ஓர் ஆய்வு நிகழ்த்திற்று. செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு செய்த பணிகளுக்கு, அஃதின்றிச் செய்தவற்றினும் நூற்றுக்கு 19 பங்கு மிகுதியாகவே நேரம் சென்றது. பணி முடிந்தபின் அவரை வினவியபோது, கருவியால் நூற்றுக்கு 20 பங்கு நேரம் குறைந்ததென எண்ணினர். அக்காலத்துக் கருவிகளைப் பற்றிய இவ்வளவீட்டை எக்காலத்திற்கும் எல்லாப் பணிக்கும் நீட்டுதல் பொருந்தாது. ஆயினும், விரைந்தோம் என்னும் எண்ணம் விரைவுக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும். தன் செயலைத் தானே அளந்தறியாமல் மயங்குதல், கற்றோரையும் விட்டதன்று.

ஆகலின் இக்கருவிகளைக் கைக்கொள்வான் காக்கவேண்டும் நெறிகள் சில உள. ஆக்கப்புகும் பொருள் யாருக்கு, எதற்கு, எவ்வெல்லைக்குள் என்பதைக் கருவியை அணுகுமுன் தன் சொல்லால் எழுதிக்கொள்ளல் ஒன்று. கருவி தந்ததை வரிதோறும் பொருள் உணர்ந்து வாசித்தல் ஒன்று. அதனைச் சோதிக்கும் விடைகளை அக்கருவியினிடமே பெறாது, கையால் கணக்கிட்டும் தொழிலறிந்தாரை வினவியும் புறத்தே பெறுதல் ஒன்று. பிறர் வினவின் இவ்வரி ஈண்டு ஏன் நின்றது என உரைக்கமாட்டாததற்குத் தன் பெயரை இடாமை ஒன்று. இவற்றைக் காப்பவனுக்குக் கருவி ஆசிரியனாகவும் மாணாக்கனாகவும் நின்று உதவும். அவன் அறிவும் நாடோறும் வளரும். காவாதவனோ, பல நிரல்களை ஆக்கியும் ஒன்றையும் அறியாதவனாய், தான் செய்தவை பிழைக்குங்கால் அவற்றைத் திருத்தவும் மாட்டாதவனாய் நிற்பான்.

திரிகை எத்துணை விரைந்து சுழலினும், அக்குடத்தில் நீர் முகந்து உண்பார் குயவனை நம்பியே உண்கின்றனர். அந்நம்பிக்கைக்குத் தான் உரியனோ என்பதே, தன் பெயரை இடுமுன் ஒவ்வொருவனும் தன்னை வினவிக்கொள்ளவேண்டிய வினா. இதனை அறிவுடையோர் ஓர்ந்து கடைப்பிடிப்பாராக.